எந்த வகை என்று முதலில் கேளுங்கள்

வாசகர்களுக்கு வணக்கம். இரத்தப் புற்றுநோய் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று ஆசிரியர் அறிவித்தாலும் அறிவித்தார், கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்துவிட்டன. பாதிக்கு மேற்பட்டவை, ‘அவருக்கு இரத்தப் புற்றுநோய், எந்த சிகிச்சை நல்லது?’ என்று ஒரே வரியில் முடிகின்றன. அதற்கு நான் என்ன பதில் எழுதுவது? இதில் பெரிய வகைகளே நான்கு இருக்கின்றன. ஒன்றுக்கு வீட்டில் இருந்தபடி மாத்திரை போதும். ஒன்றுக்கு அன்றிரவே வார்டில் சேர வேண்டும். இன்னொன்றுக்குப் பல வருடங்கள் மருந்தே வேண்டாம். உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் ஏ.எல்.எல்., ஏ.எம்.எல். (இவை வேகமாக முற்றுபவை), சி.எம்.எல்., சி.எல்.எல். (இவை மெதுவாக வளர்பவை) என்று மூன்றெழுத்து ஒன்று இருக்கும். அதைப் பார்த்து எழுதியவர்களின் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். சீட்டைப் பார்த்து மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 41, விசைத்தறி ஓட்டுகிறேன். சி.எம்.எல். என்று சொல்லி மூன்று வருடமாக இமாட்டினிப் 400 மி.கி. சாப்பிட்டு வருகிறேன். இரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். நிறுத்திவிடலாமா? ஒரு காலத்தில் இந்த மாத்திரை லட்ச ரூபாய் என்கிறார்கள். இப்போது இவ்வளவு மலிவாகக் கிடைப்பது உண்மையான மருந்துதானா?
(வாசகர், கரூர்)

பதில்: தம்பி, இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது எனக்குப் பிடித்த கதை.

1960-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர், உங்கள் நோய் உள்ளவர்களின் அணுக்களில் ஒரு குரோமோசோம் மட்டும் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். 9-ம் எண், 22-ம் எண் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் அப்படி ஆகிறது என்று 1973-ல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த ஒட்டில் பி.சி.ஆர்-ஏ.பி.எல். (BCR-ABL) என்ற புது மரபணு பிறக்கிறது. அது உண்டாக்கும் புரதம் வெள்ளணுக்களை ஓயாமல் பெருகச் செய்கிறது. இமாட்டினிப் போய் அந்தப் புரதத்தில் உட்கார்ந்து அதன் வேலையை நிறுத்துகிறது. 2001-ல் இந்த மருந்து வந்தது. அதற்கு முன் எங்கள் கையில் இருந்தவை ஹைட்ராக்சியூரியா மாத்திரை, இன்டர்ஃபெரான் ஊசி, பொருந்துகிற உடன்பிறப்பு இருந்தால் மஜ்ஜை மாற்று, அவ்வளவுதான். வெளிநோயாளிப் பிரிவில் என் எதிரே உட்கார்ந்திருக்கும் இளைஞரிடம் நான்கைந்து வருடக் கணக்கைச் சொல்லாமல் சொல்லி அனுப்பிய காலம் அது.

மருந்து வந்தது, விலையும் வந்தது. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மாத்திரை மாதத்துக்கு ஒரு லட்ச ரூபாய்க்கும் மேல். இந்திய நிறுவனங்கள் அதே மருந்தைச் சில ஆயிரத்துக்குச் செய்தன. மருந்தின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் காப்புரிமை கேட்டது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-ல் மறுத்தது. பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புது உரிமை கேட்பதைத் தடுக்கும் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவே செல்லாது என்று தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007-ல் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்று முடித்துவைத்தது. அந்த நிறுவனம் நம் நாட்டு நோயாளிகள் பலருக்கு இலவசமாகவும் மருந்து கொடுத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆகவே உங்கள் மாத்திரை மலிவானதற்குக் காரணம் கலப்படம் அல்ல, சட்டம். நல்ல நிறுவனத்தின் தயாரிப்பைப் பில்லோடு வாங்குங்கள்.

இப்போது நிறுத்தும் விஷயம். ‘நார்மல்’ என்று நீங்கள் சொல்வது சாதாரண இரத்த எண்ணிக்கை. உங்கள் நோய்க்கு அளவுகோல் அது அல்ல. அந்த BCR-ABL மரபணுவின் அளவைக் காட்டும் பி.சி.ஆர். (PCR) என்ற இரத்தப் பரிசோதனைதான் அளவுகோல். சிகிச்சை தொடங்கி 3 மாதத்தில் 10 சதவீதத்துக்குள், 6 மாதத்தில் 1-க்குள், 12 மாதத்தில் 0.1-க்குள் வர வேண்டும். வராவிட்டால், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா என்று முதலில் கேட்டு, பிறகு டாசாட்டினிப், நிலோட்டினிப் போன்ற அடுத்த மருந்துகளை யோசிப்பார்கள். அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் செய்யுங்கள். ஆய்வகம் மாறினால் எண்களை ஒப்பிடுவது சிரமம்.

நிறுத்த முடியும் என்பது உண்மைதான். பொதுவாக இமாட்டினிப் குறைந்தது 5 வருடம் சாப்பிட்டிருக்க வேண்டும். கடைசி 2 வருடமாவது பி.சி.ஆர். 0.01 அல்லது அதற்கும் கீழே நின்றிருக்க வேண்டும். அப்படி நிறுத்தியவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எண் மறுபடி ஏறுகிறது, பெரும்பாலும் முதல் 6 மாதத்துக்குள். ஆகவே அந்த 6 மாதமும் மாதந்தோறும் பி.சி.ஆர். பார்க்க வேண்டும். ஏறினால் உடனே மாத்திரையைத் தொடங்க வேண்டும். அநேகமாக எல்லோருக்கும் அது மறுபடி கட்டுப்பட்டுவிடுகிறது. மாதாமாதம் பரிசோதனைக்குப் பணமும் நேரமும் இல்லாமல் நிறுத்துவது கண்ணைக் கட்டிக்கொண்டு சாலையைக் கடப்பதுதான். மூன்று வருடத்தில் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மாத்திரையை வயிறு நிறையச் சாப்பிட்டபின் பெரிய தம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள். கண் இமை வீக்கம், கெண்டைக்கால் பிடிப்பு எல்லாம் இதன் வேலையே. சிலருக்குத் தோல் வெளுக்கும். ‘கலர் வந்துவிட்டதே’ என்று ஊரார் பாராட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசினோ, வலிப்புக்கு ஃபெனிட்டாயினோ யாராவது எழுதினால், இமாட்டினிப் சாப்பிடுகிறேன் என்று சொல்லாமல் எழுந்து வராதீர்கள். அவை இந்த மருந்தின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும்.

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. ஏ.எல்.எல். முதல் மாத கீமோ முடிந்து, மஜ்ஜையில் நோய் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் மருந்து என்கிறார்கள். நோயே இல்லாத குழந்தைக்கு ஏன் இத்தனை விஷத்தை ஏற்ற வேண்டும் என்று என் மாமியார் வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை.
(வாசகி, தேனி மாவட்டம்)

பதில்: அம்மா, இந்தப் பக்கத்தை உங்கள் மாமியாருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நோய் கண்டுபிடிக்கும் அன்று ஒரு குழந்தையின் உடம்பில் சுமார் ஒரு லட்சம் கோடி புற்றணுக்கள் இருக்கும். முதல் மாத மருந்து ஆயிரத்தில் 999-ஐ அழித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதம் நூறு கோடி. நுண்ணோக்கியில் பார்த்தால் மஜ்ஜை சுத்தமாகத்தான் தெரியும். நீங்கள் தேனிக்காரர், தோட்டத்தில் கோரைப் புல்லை மேலாகச் செதுக்கிவிட்டு நான்கு மழைக்குப் பிறகு போய்ப் பார்த்திருப்பீர்கள். கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. மருத்துவர்களும் இதை அடிபட்டுத்தான் கற்றார்கள். 1948-ல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் என்ற மருந்தால் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை முதன்முதலாக அடக்கிக் காட்டினார். சில மாதங்களில் நோய் திரும்பிவிட்டது. அந்த மருந்தை அவருக்குச் செய்து கொடுத்த ஆய்வகத்தின் தலைவர் எல்லப்பிரகடா சுப்பாராவ். பீமாவரத்துக்காரர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். (கதர் உடுத்தி வந்ததால் ஒரு பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி முழுப் பட்டம் கிடைக்காமல் போனார் என்று சொல்வார்கள். கல்லூரிகள் மாறவே இல்லை.) அமினோப்டெரினின் தம்பிதான் உங்கள் மகளுக்கு எழுதப்போகும் மெதோட்ரெக்சேட். பல மருந்துகளைச் சேர்த்து, மூளையைச் சுற்றி ஒளிந்திருக்கும் அணுக்களுக்காக முதுகில் ஊசி போட்டு, வருடக்கணக்கில் தொடர்ந்து கொடுத்தால்தான் கிழங்கு அழிகிறது என்பதை 1960-களில் மெம்பிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்டு பின்கெல் குழுவினர் நிலைநாட்டினார்கள். இன்று வசதியுள்ள நாடுகளில் 10 குழந்தைகளில் 9 பேர் பிழைக்கிறார்கள். நம் ஊரில் அந்த எண் குறைவதற்குக் கிருமித் தொற்று ஒரு காரணம். நடுவில் சிகிச்சையை விட்டுவிட்டுப் போவது இன்னொரு காரணம். முடி வளர்ந்துவிட்டது, கன்னம் உப்பிவிட்டது, பிள்ளை ஓடி ஆடுகிறாள், இனி எதற்கு என்று நிறுத்திவிடுவார்கள். ஏழெட்டு மாதம் கழித்துக் காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்போது அதே மருந்து அதே மாதிரி கேட்பதில்லை.

முதல் ஆறேழு மாதம்தான் கடினம். பிறகு பராமரிப்புக் கட்டம்: 6-மெர்காப்டோப்யூரின் தினமும், மெதோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள். இதை இரண்டு முறை வாசியுங்கள். மெதோட்ரெக்சேட் வாரத்தில் ஒரு நாள்தான். தினமும் கொடுத்துவிட்டால் வாயும் குடலும் புண்ணாகி, வெள்ளணுக்கள் அற்றுப்போய் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் ஒரு கிழமையை முடிவுசெய்து சிவப்பு மையில் வட்டம் போடுங்கள்; மாத்திரை கொடுக்கும் பொறுப்பை வீட்டில் ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி ஒன்று, அம்மா ஒன்று என்று இரட்டையாகிவிடும். நம்மவர்களில் ஒரு சிலருக்கு மெர்காப்டோப்யூரின் சிறு அளவிலேயே இரத்த அணுக்களின் எண்ணிக்கையைச் சரித்துவிடும். உடலில் அதைச் சிதைக்கும் மரபணு அப்படி. அதனால் மருத்துவர் அளவை அடிக்கடி கூட்டிக் குறைத்தால் தடுமாறுகிறார் என்று நினைக்காதீர்கள். மருந்துக் கடையில் நீங்களாகச் சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம். அதிலுள்ள ஃபோலிக் அமிலம் மெதோட்ரெக்சேட்டுக்கு எதிரி.

காய்ச்சல் 100.4-ஐத் தொட்டு நின்றால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று படுக்காதீர்கள். வெள்ளணு குறைந்த குழந்தைக்குக் கிருமிக்கொல்லி ஊசி மணிக்கணக்கில் தாமதிக்கக்கூடாது. அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கே ஓடுங்கள். எந்த நேரத்திலும் காட்டக்கூடியபடி சிகிச்சைச் சீட்டு பையில் இருக்கட்டும். தெருவில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் அந்தப் பக்கமே போகக்கூடாது. உங்கள் மகளுக்கே கொப்புளம் தெரிந்தால் வேப்பிலை கட்டி வீட்டில் வைப்பது மற்றப் பிள்ளைகளுக்குச் சரி, இவளுக்கு ஆகாது. மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் நேர்ந்துகொண்டபடியே பஸ் ஏறுங்கள். அன்றே அசைக்ளோவிர் தொடங்க வேண்டும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 69. சி.எல்.எல். வெள்ளணு 48 ஆயிரம். மருத்துவர் மருந்தே எழுதாமல் மூன்று மாதம் கழித்து வரச் சொல்கிறார். வயதானவன் என்று கைவிட்டுவிட்டாரா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: ஐயா, உங்களுக்கு நல்ல மருத்துவர் வாய்த்திருக்கிறார். தொந்தரவு தராத சி.எல்.எல்.-க்குச் சீக்கிரமே மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஆயுள் கூடவில்லை, மருந்தின் தொல்லை மட்டும் கூடியது. எண்ணிக்கை மட்டும் லட்சத்தைத் தாண்டினாலும் அதற்காகவே மருந்து தொடங்குவதில்லை. இரத்தசோகை, பிளேட்லெட் லட்சத்துக்குக் கீழே இறங்குவது, 6 மாதத்தில் எடை பத்தில் ஒரு பங்கு குறைவது, படுக்கை நனையும் இரவு வியர்வை, வேகமாக வளரும் நெறிக்கட்டி, 6 மாதத்துக்குள் எண்ணிக்கை இரட்டிப்பாவது, இவற்றில் ஏதாவது வந்தால் தொடங்குவார்கள். அப்போது 17-ம் குரோமோசோமில் குறை இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். இருந்தால் பழைய கீமோ பலிக்காது. இப்ரூட்டினிப், அகாலாப்ரூட்டினிப், வெனட்டோகிளாக்ஸ் போன்ற மாத்திரைகளுக்குத்தான் போக வேண்டும். அதுவரை நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். மகாமகக் குளத்தைச் சுற்றி நடங்கள்.

கேள்வி: பிளேட்லெட் ஏற பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?
(பலர்)

பதில்: வேண்டாம். இந்த நோயில் பிளேட்லெட் குறைவது தொழிற்சாலையான மஜ்ஜையே அடைபட்டுப் போனதால். கீமோ நடக்கும்போது கழுவாத இலையை இடித்துப் பிழிந்த பச்சைச் சாறு கிருமிக்கு விருந்து. பிளேட்லெட் தேவையென்றால் தானம் செய்ய ஆள் தேடுங்கள்.

கேள்வி: ஒருவகை இரத்தப் புற்றுநோயைப் பாஷாணத்தால் குணமாக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சித்த மருத்துவத்தில் எப்போதோ இருப்பதுதானே? என் அண்ணனுக்கு ஏ.எம்.எல். நாட்டு வைத்தியரிடமே பாஷாண மருந்து வாங்கிக் கொடுக்கலாமா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. ஏ.எம்.எல்.-இல் ஏ.பி.எல். (APL) என்று ஓர் உள்வகை உண்டு. 15-ம், 17-ம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் வருவது. இரத்தம் உறையாமல், ஈறிலும் தோலிலும் மூளையிலும் கசிந்து, நாட்களில் ஆளைக் கொன்றுவிடும். எங்கள் காலத்தில் வார்டில் அதிகம் பயந்தது இதற்குத்தான். 1970-களில் சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள் ஆர்சனிக் டிரையாக்சைடை, அதாவது நம் வெள்ளைப் பாஷாணத்தை, நரம்பில் ஏற்றிப் பார்த்தார்கள். ஷாங்காயில் அட்ரா என்ற வைட்டமின் ஏ வழி மருந்து பலித்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஆர்சனிக்கை மட்டுமே கொடுத்து நீடித்த குணம் கண்டதை 2006-ல் வெளியிட்டார்கள். கீமோவின் செலவைத் தாங்க முடியாதவர்களுக்கு அது பெரிய வாசலைத் திறந்தது. இப்போது அட்ராவும் ஆர்சனிக்கும் சேர்த்துக் கொடுத்தால், முதல் சில வாரங்களின் இரத்தக்கசிவைக் கடந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முழுமையாகக் குணமாகிறார்கள். சீனாவில் மனோசிலை சேர்ந்த வாய்வழி மருந்தும் இந்த ஒரு வகைக்கு முறையாகப் பரிசோதிக்கப்பட்டிருக்கிறது.

கவனியுங்கள்: இந்த ஒரு வகைக்கு. உங்கள் அண்ணனுக்கு வேறு ஏ.எம்.எல். என்றால் ஆர்சனிக்கால் பயனில்லை. ஏ.பி.எல். என்றாலும் எடைக்குத் தக்க மில்லிகிராம் கணக்கில், இ.சி.ஜி. பார்த்து, பொட்டாசியம் மக்னீசியம் பார்த்துக் கொடுப்பது அது. அளவு தவறினால் இதயத் துடிப்பு தடுமாறும். பொட்டலத்தில் வரும் பாஷாணத்தில் எவ்வளவு இருக்கிறது என்று விற்றவருக்கே தெரியாது. சீட்டில் ஏ.பி.எல். அல்லது எம்-3 என்று எழுதியிருக்கிறதா என்று இன்றே கேளுங்கள்.

கேள்வி: தம்பிக்கு மஜ்ஜை மாற்ற வேண்டும். எனக்குப் பொருத்தம் சரியாக இருக்கிறது. எலும்பை அறுப்பார்கள், பிறகு குழந்தை பிறக்காது என்று கணவர் வீட்டார் தடுக்கிறார்கள். எனக்குத் திருமணமாகி ஒரு வருடம்.
(வாசகி, விருதுநகர்)

பதில்: உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். உங்கள் தம்பிக்கு அது கிடைத்திருக்கிறது. எலும்பை யாரும் அறுக்கப்போவதில்லை. மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்களை (புது இரத்தம் உண்டாக்கும் தாய் அணுக்களை) இரத்தத்துக்கு வரவழைக்க நான்கைந்து நாள் தோலுக்கடியில் ஓர் ஊசி. இடுப்பும் முதுகும் வலிக்கும், காய்ச்சல் போல இருக்கும். பிறகு ஒரு கையில் இரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் ஸ்டெம் செல்லைப் பிரித்து, மீதியை மறு கையில் திருப்பி ஏற்றுவார்கள். நான்கு முதல் ஆறு மணி நேரம். சிலருக்கு இரண்டாம் நாளும். இதனால் கருப்பைக்கும் கருமுட்டைக்கும் ஒன்றும் ஆகாது. ஊசி போடும் சமயத்தில் கர்ப்பமாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். கணவரையும் மாமியாரையும் மஜ்ஜை மாற்றுப் பிரிவுக்கு அழைத்துப்போய் மருத்துவர் முன் உட்கார வையுங்கள். நேரில் கேட்டால் பாதிப் பயம் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை: மாற்று சிகிச்சைக்கு முன் தம்பிக்கு நீங்களோ மற்ற இரத்த உறவினரோ இரத்தம் கொடுக்காதீர்கள். அவர் உடல் உங்கள் அணுக்களுக்கு எதிராக முன்பே விழித்துக்கொள்ளும். இரத்த வகை வேறாக இருந்தால் பரவாயில்லை. மாற்றுக்குப் பிறகு தம்பியின் இரத்த வகை உங்கள் வகையாக மாறிவிடும். உடன்பிறப்பு பொருந்தாத மற்ற வாசகர்கள், பெற்றோரோ பிள்ளையோ பாதிப் பொருத்தத்தில் கொடுக்கும் முறை பற்றியும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட, ஸ்டெம் செல் கொடையாளர்களின் தாத்ரி பதிவேடு பற்றியும் உங்கள் மருத்துவரிடம் விசாரியுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது, ஏ.எம்.எல். ஒரு மருத்துவர் கீமோ என்கிறார், இன்னொருவர் லேசான ஊசி என்கிறார். மும்பையில் புதிதாக வந்திருக்கும் கார்-டி சிகிச்சைக்கு நிலத்தை விற்கவும் தயாராக இருக்கிறோம். அம்மாவுக்கு நோயின் பெயரை இன்னும் சொல்லவில்லை.
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: நிலத்தை விற்காதீர்கள். ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா நினைவு மருத்துவமனையும் உருவாக்கி, 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்-19 என்ற கார்-டி சிகிச்சை (நோயாளியின் சொந்த வெள்ளணுக்களை மாற்றியமைத்துப் புற்றணுக்களைத் தாக்க வைப்பது), பி-அணு வகை ஏ.எல்.எல்.-க்கும் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கும் உரியது; அதுவும் மற்ற மருந்து கேட்காதபோது. அம்மாவின் நோய்க்கு அது பொருந்தாது.

சைட்டராபின் 7 நாள், டானோரூபிசின் 3 நாள் என்ற வழக்கமான கீமோ 1970-களிலிருந்து இருக்கிறது. இளைஞர்களுக்கு அது சரி. 74 வயதில் அந்த மருந்தே ஆளைக் கொண்டுபோய்விடக்கூடும். இரண்டாம் மருத்துவர் சொன்ன ‘லேசான ஊசி’ அநேகமாக அசாசிடிடின். மாதத்தில் 7 நாள், அதோடு வெனட்டோகிளாக்ஸ் மாத்திரை. 2020-ல் வெளியான பெரிய ஆய்வில், இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிப் பேர் 14.7 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். ஊசி மட்டும் பெற்றவர்களுக்கு அது 9.6 மாதம். சிலருக்கு வருடங்களும் கிடைக்கின்றன. முதல் மாதம் எண்ணிக்கை படுத்துவிடும். இரத்தமும் பிளேட்லெட்டும் ஏற்ற மருத்துவமனைக்கு அருகிலேயே தங்க வேண்டியிருக்கும். பூஞ்சைத் தொற்று மருந்து சேரும்போது வெனட்டோகிளாக்ஸ் அளவை மருத்துவரே குறைப்பார், செலவும் குறையும். மருந்தே வேண்டாம், இரத்தம் ஏற்றிக்கொண்டு வலியில்லாமல் வீட்டில் இருக்கிறேன் என்பதும் ஒரு வழிதான். அதற்கென்று வலி நிவாரணப் பிரிவுகள் இருக்கின்றன.

இந்த மூன்றில் எது என்று தேர்ந்தெடுக்க வேண்டியவர் நீங்களும் அல்ல, நானும் அல்ல. பெயரைச் சொல்லாமல் ஒருவரை எப்படித் தேர்ந்தெடுக்கச் சொல்வீர்கள்? பெரும்பாலான தாய்மார்களுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும். பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று அவர்கள்தான் தெரியாததுபோல் இருப்பார்கள். மருத்துவர் முன்னிலையில், அவரது அறையில், நீங்களும் அம்மாவும் மட்டும் உட்கார்ந்து பேசுங்கள். ‘இரத்தத்தில் ஒரு கெட்ட நோய், ஊசி போட்டால் கொஞ்ச காலம் கட்டுப்படும், ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி வர வேண்டியிருக்கும், உனக்கு எப்படித் தோன்றுகிறது?’ என்று கேளுங்கள். அவர் கேட்கும் அளவுக்குச் சொல்லுங்கள், கேட்காததைத் திணிக்க வேண்டாம். இந்த வாரமே பேசுங்கள், ஏ.எம்.எல். அடுத்த மாதம்வரை காத்திருக்காது.